ஒரு நூல் விலகாது

எனக்கு அந்த ஆளைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'அவர்' என்று எழுதுவதுகூட வயதுக்குக் கொடுக்கிற மரியாதைதான், ஆளுக்கு இல்லை. மதுரை விளாங்குடியில் எங்கள் எதிர்வீட்டில் ஏழு வருஷம் இருந்தார். அந்த ஏழு வருஷத்தில் 'தப்பு', 'தவறிப்போச்சு', 'தெரியாம நடந்துருச்சு' என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. கடைசியில்தான் கேட்டேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

மனை வாங்கி விற்கிற தொழில் அவருக்கு. திண்டுக்கல் ரோட்டில் எங்கள் பகுதியைத் தாண்டியதும் இரண்டு ஏக்கரை வளைத்துக் கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டி வைத்திருந்தார். கையில் காசு புழங்கிய ஒரு வருஷம் ஒரு துப்பாக்கி வீட்டுக்கு வந்தது. காற்றில் சுடுவது, லைசென்ஸ் வேண்டாத வகை. குட்டை ரைஃபிள். பின்கட்டையை மடக்கினால் ஷட்டில் மட்டை வைக்கிற பைக்குள் அடங்கிவிடும். குண்டு, உடுக்கை மாதிரி இடுப்பு ஒடுங்கிய சின்ன ஈயத் துண்டு. மேலே ஒரு சாண் நீளத்துக்குக் குறி பார்க்கிற குழாய், ஸ்கோப். இரண்டு திருகைத் தளர்த்தினால் ஸ்கோப் மட்டும் தனியாகக் கையோடு வந்துவிடும். அப்படித் தனியாக வருவதில்தான் மனுஷனுக்கு அத்தனை பெருமை.

விலையை யாரும் கேட்கவே வேண்டாம், அவரே சொல்லுவார். வாங்கிய வாரம் நாற்பத்தெட்டாயிரம். பொங்கலுக்கு அறுபத்தைந்தாயிரம். சித்திரைத் திருவிழாவுக்கு உறவுக்காரர்கள் வந்து இறங்கியபோது ஒன்றே கால் லட்சம். துப்பாக்கி என்னமோ அதே துப்பாக்கிதான். "வெல ஏன் இம்புட்டுத் தெரியுமா? அம்பது மீட்டர்ல ஒத்த ரூபாக் காசை அடிக்கும். கழட்டி மாட்டுனாலும் ஒரு நூல் விலகாது" என்பார்.

நூல் என்பது ஆசாரிமார் கணக்கு. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அந்தச் சொல் என் காதில் விழும்போதெல்லாம் எரியும். காரணம் என் தொழில். தல்லாகுளத்தில் ஒரு மாடி அறையில் சர்வே கருவிகள் பழுது பார்க்கிறேன். நிலம் அளக்க வருகிறவர்கள் முக்காலியில் ஒன்றைப் பொருத்தி ஒற்றைக் கண்ணை இடுக்கிப் பார்ப்பார்களே, அந்தச் சாமான்கள். உள்ளே கண்ணாடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு இருக்கும். அது மயிரிழை விலகினால் நூறு மீட்டருக்கு அப்பால் ஒருத்தன் வீட்டுச் சுவர் இன்னொருத்தன் இடத்துக்குள் போய்விடும். சரிசெய்து, 'பிழை இல்லை' என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். என் கையெழுத்து இருந்தால் எந்த அலுவலகத்திலும் மறு கேள்வி கிடையாது. அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆகவே ஒருநாள் வாய் சும்மா இருக்காமல் சொன்னேன். "அண்ணே, எந்த ஸ்கோப்பையும் கழட்டி மாட்டுனா மறுபடி குறி பாத்துத் திருத்தணும். அட்டையில ஒரு புள்ளி வச்சு நாலு குண்டு சுடுங்க. எந்தப் பக்கம் போகுதுன்னு தெரிஞ்சிரும்."

"அதெல்லாம் உள்ளூர்ச் சாமானுக்கு தம்பி. இம்புட்டுக் காசு குடுத்து வாங்கிட்டு அட்டையில புள்ளி வச்சு வெளையாடச் சொல்றீங்களா?"

அதோடு விட்டேன்.

மற்றவர்கள் சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடி வைப்பார்கள். இவர் ஸ்கோப்பை வைத்திருப்பார். கல்யாண வீட்டில் பந்தியிலிருந்தபடியே மேடையில் யார் என்ன மொய் வைக்கிறார்கள் என்று அதில் பார்ப்பார். ஒருநாள் கோரிப்பாளையம் சந்திப்பில் அவரும் நானும் பஸ்ஸுக்கு நின்றோம். தூரத்தில் வருகிற பஸ்ஸின் எண்ணைப் பார்க்க ஸ்கோப்பை எடுத்துக் கண்ணில் வைத்தார். அது நேராக ஒரு ஆட்டோக்காரரின் முகத்துக்கு நேரே நின்றது.

"எண்ணே, என்னையவா சுடப் போறீங்க? இன்னும் டியூ கட்டி முடியலண்ணே!" என்றார் ஆட்டோக்காரர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "பதினோராம் நம்பர் வருது" என்றார். வந்தது வேறு பஸ். "பதினொண்ணு பின்னாடி வருதுன்னு சொன்னேன்" என்றார். அரை மணி நேரம் நின்றோம். பதினொன்று வரவே இல்லை.

அவர் குணமே அதுதான். தவறியது என்று ஒன்று அவர் கணக்கில் கிடையாது. எது நடந்ததோ அதைத்தான் அவர் சொன்னார். எதில் பட்டதோ அதைத்தான் அவர் குறிவைத்தார்.

திருவிழாவுக்கு வந்த உறவுக்காரர்களுக்கு மொட்டைமாடியில் சுட்டுக் காட்டினார். எங்களையும் கூப்பிட்டார். கைப்பிடிச் சுவரில் ஐந்து பால்டப்பாக்களை வரிசையாக வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, தம் பிடித்துச் சுட்டார். டப்பாக்கள் ஐந்தும் அப்படியே இருந்தன. பக்கத்தில் இருந்த ரோஜாத் தொட்டி உடைந்து மண் கொட்டியது.

"மாமா, டப்பால படல" என்றான் அவருடைய தங்கை மகன்.

"டப்பாவை எந்தப் பயலும் சுடுவான் மாப்ள. தொட்டியோட விளிம்பைக் குறிவச்சேன். பாரு, விளிம்புலதான் பட்டிருக்கு."

அவர் மனைவி காபி டம்ளர்களோடு வந்தவர், "ஆமா, முந்தாநேத்து என் துளசித் தொட்டியையும் இப்படித்தான் குறிவச்சு ஒடைச்சாரு" என்று சொல்லிவிட்டுக் கீழே போனார். நல்ல மனுஷி. எப்படிக் குடும்பம் நடத்தினாரோ தெரியவில்லை.

இதுவரைக்கும் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். செவலையைச் சுட்டதோடு எனக்குச் சிரிப்பு நின்றுபோனது.

செவலை எங்கள் தெரு நாய். யார் வீட்டு நாயும் இல்லை, எல்லார் வீட்டு நாயும்தான். என் வீட்டுக் கேட்டு ஓரத்தில் படுத்திருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 'டப்' என்று ஒரு சத்தம், பின்னாலேயே ஒரு கதறல். ஓடிப்போய்ப் பார்த்தால் பின்னங்கால் முட்டி தொங்குகிறது. அந்த நேரம் பார்த்துப் பாண்டியம்மா தெருவுக்குள் வந்தது. பாண்டியம்மா காலையில் மல்லிகைத் தோட்டத்தில் கூலிக்குப் பூப்பறிக்கும், சாயங்காலம் தெருத்தெருவாக முழம் போட்டுப் பூ விற்கும். கூடையைக் கீழே வைத்துவிட்டு நாயை மடியில் போட்டுக்கொண்டு, பூக்கட்டுகிற வாழைநாரை நனைத்து, காலில் சுற்றிச் சுற்றி இறுக்கியது. அந்த விரல்களின் வேகத்தை அன்றுதான் கவனித்தேன். நாய் கடிக்கக்கூட இல்லை.

மாடியிலிருந்து இறங்கி வந்தார் பெரிய மனுஷன்.

"ஏண்ணே, வாயில்லா ஜீவனைப் போய்ச் சுடுறீங்களே, மனுஷன்தானா நீங்க?" என்று கத்தினேன்.

"கத்தாதீங்க தம்பி. ராத்திரியெல்லாம் கொலைக்குது. கொல்லவா செஞ்சேன்? காலைத்தான் குறிவச்சேன். கால்ல பட்டுச்சா இல்லையா?"

"நீங்க குறிவச்சீங்களோ என்னமோ சாமி, இதுக்குக் கால் போச்சு" என்றது பாண்டியம்மா, தலையைத் தூக்காமலே.

கால் போனது போனதுதான். செவலை மூன்று காலோடு தேறி வந்தது. அவர் அதற்கப்புறம் விருந்தாளிகளிடம் அதையே காட்டிச் சொல்ல ஆரம்பித்தார். "அந்தா போகுது பாருங்க, நாப்பது மீட்டர்ல ஓடுற நாயோட முட்டியில அடிச்சேன்." படுத்துக் கிடந்த நாய் அவர் வாயில் ஓட ஆரம்பித்துவிட்டது.

அடுத்த மழைக்காலத்தில் ஸ்கோப் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடித்துவிட்டது. மதுரையில் அதைத் திறந்து துடைக்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான் என்று யாரோ சொல்லி, தல்லாகுளத்து மாடிப்படி ஏறி வந்தார். வெளியே போ என்று சொல்லியிருக்கலாம். வாங்கி வைத்துக்கொண்டேன்.

பூஞ்சையைச் சுத்தமாகத் துடைத்தேன். அதுவரைக்கும் ஒழுங்கு. பிறகு ஸ்கோப்பின் பக்கவாட்டில் இருக்கிற திருகின் மூடியைக் கழற்றினேன். அந்தத் திருகைத் திருப்பினால் உள்ளே கோடு இடம் வலமாக நகரும். குண்டு போகிற இடமும் அதற்கேற்ப மாறும். ஒன்றரைச் சுற்றுத் திருப்பினேன். முப்பது மீட்டர் தூரத்தில் ஒரு சாண் வலப்பக்கம். திருப்பியது தெரியாமலிருக்க, எண் போட்ட வளையத்தை மட்டும் தளர்த்தி மறுபடி பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து இறுக்கினேன். இருபத்தைந்து வருஷத் தொழிலில் பிழையோடு என் கையை விட்டுப் போன கருவி அது ஒன்றுதான்.

என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. நாய்கள் பிழைக்கட்டும் என்றுதான் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, அந்த ஆள் நாலு பேர் முன்னால் குறி தவறி மூஞ்சியில் ஈயாடாமல் நிற்க வேண்டும், 'தப்பிருச்சு' என்று அந்த வாயால் சொல்ல வேண்டும். அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை.

நான் யோசிக்காமல் விட்டது ஒன்று. எந்த மனுஷனும் நாலு குண்டு வலப்பக்கமாகவே போனால் ஸ்கோப்பைச் சந்தேகப்படுவான். இவர் எங்கே சந்தேகப்பட? டப்பாவைப் பார்த்துச் சுட்டால் பக்கத்துச் செங்கல் தெறிக்கும். "செங்கலைத்தான் அடிச்சேன்" என்பார். மாங்காயைச் சுட்டால் கிளை ஒடியும். "கிளையோட வந்தாத்தானே பத்துக் காய் கெடைக்கும்" என்பார். எதிர்மாடியிலிருந்து இதையெல்லாம் பார்த்து நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். அட, சிரித்தேனே.

அவருடைய மனைகளை ஒட்டி ஒரு மல்லிகைத் தோட்டம். பாண்டியம்மாவோடு ஐந்தாறு பெண்கள் அங்கே விடிகாலையிலிருந்து எட்டு மணி வரை மொட்டுப் பறிப்பார்கள். தோட்டத்துக்குச் சுருக்கு வழி அவருடைய மனைகளுக்கு நடுவே. அதில் நடக்கக்கூடாது என்று அவர் கம்பி கட்ட, அவர்கள் கம்பியை விலக்கிக்கொண்டு நடக்க, மாதக்கணக்கில் வாய்ச்சண்டை. ஒருநாள் காலை ஏழரை மணிக்கு மனை பார்க்க வந்த இரண்டு பேருக்குத் துப்பாக்கியையும் காட்டலாம் என்று நினைத்திருக்கிறார். வேலிக் கல்லுக்கால் மேல் ஒரு கலர் பாட்டிலை வைத்துவிட்டு முப்பது மீட்டர் பின்னால் வந்து நின்றார். அவர் பார்வைக்குக் கல்லுக்காலுக்கு வலப்பக்கம், கைக்கெட்டுகிற கிட்டத்தில், வேலியை ஒட்டிய செடியில் பாண்டியம்மா பறித்துக்கொண்டிருந்தது.

"ஐயா, நாங்க பறிச்சிட்டுப் போயிருறோம். அப்பறம் சுடுங்க" என்று கேட்டிருக்கிறது.

"நீ பாட்டுக்குப் பறி. இது என்ன நாட்டுத் துப்பாக்கியா? ஒரு நூல் விலகாது."

பாட்டில் அப்படியே நின்றது. குண்டு பாண்டியம்மாவின் வலதுகை கட்டைவிரல் அடியில் இறங்கி எலும்பில் மாட்டிக்கொண்டது. பெரியாஸ்பத்திரியில் குண்டை எடுத்துவிட்டார்கள். விரல் மடங்கவில்லை. மல்லிகை மொட்டு இரண்டு விரல் நுனியில் கிள்ளி எடுக்கிற சமாச்சாரம். கட்டைவிரல் மடங்காதவளுக்கு அந்த வேலை இல்லை.

சேதி என் காதுக்கும் வந்தது. ஒரு சாண் வலப்பக்கம். வேறு யாருக்கும் தெரியாத கணக்கு எனக்குத் தெரியும்.

பறிக்கிற பெண்கள் எல்லாரும் சேர்ந்து ஸ்டேஷனுக்குப் போனார்கள். தெருக்காரர்கள் நாலைந்து பேரும் போனோம். வழிச்சண்டையை மனதில் வைத்துக்கொண்டு வேண்டுமென்றே சுட்டார் என்பது புகார். அவரை உட்கார வைத்திருந்தார்கள். துப்பாக்கி மேசைமேல் இருந்தது.

"என்னங்க நடந்துச்சு?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"பாட்டிலைத்தான் சார் பாத்தேன். குறி தப்பிருச்சு."

சொல்லிவிட்டார்! நான் காத்துக்கிடந்த சொல். ஆனால் அங்கே இருந்தவர்களில் ஒருத்தர்கூட அதை நம்பவில்லை. பெண்களில் ஒருத்தி, "பொய் சார்! அம்பது மீட்டர்ல காசை அடிப்பேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்ச ஆளு சார் இவரு" என்றாள்.

சப்-இன்ஸ்பெக்டர் எங்கள் பக்கம் திரும்பினார். "அப்படியா சொல்வாரு?"

யாராவது ஒருத்தர் பதில் சொல்ல வேண்டும். நான் சொன்னேன். "ஆமா சார். எங்க தெரு நாயைச் சுட்டப்போ, காலைத்தான் குறிவச்சேன்னு என்கிட்டயே சொன்னாரு."

"நாய்க்கால்ல தப்பல. பொம்பள கையில மட்டும் தப்பிருச்சாக்கும்?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். எதிர்வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். வேண்டுமென்றே சுட்டதாகவே எழுதினார்கள். துப்பாக்கியைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். ஸ்கோப் எப்போதும்போல அவர் சட்டைப் பையில் இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

நாலு நாள் கழித்து மாடிப்படியில் காலடிச் சத்தம். அவர்தான். சவரம் செய்யாத முகம். நாற்காலியில் உட்கார்ந்து, ஸ்கோப்பை எடுத்து என் மேசையில் வைத்தார்.

"தம்பி, இதைக் கொஞ்சம் பாருங்க. எங்கயாச்சும் விலகியிருக்கும். விலகியிருந்தா ஒரு வரி எழுதிக் குடுங்க. உங்க கையெழுத்துன்னா கோர்ட்டுல எடுத்துக்கிருவாங்கன்னு வக்கீல் சொல்றாரு. நான் அந்தப் புள்ளையச் சுடல தம்பி. சாமி சத்தியமாச் சுடல."

ஸ்கோப்பைக் கருவி சோதிக்கிற மேடையில் பொருத்தினேன். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. வளையம் பூஜ்யத்தில் நின்றது. கோடு ஒன்றரைச் சுற்று தள்ளி நின்றது, நான் வைத்த இடத்திலேயே. பத்து நிமிஷம் பார்க்கிற மாதிரி பார்த்தேன். எழுதினால், யார் கடைசியாகத் திறந்தது என்று வக்கீல் கேட்பார். வளையத்தை யார் திருப்பி வைத்தது என்று கேட்பார். என் கையெழுத்து அன்றோடு செல்லாக்காசு. பாண்டியம்மா என் வாசலில் வந்து நின்று என் முகத்தைப் பார்க்கும். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இந்த ஆளுக்காகவா நான் அழிய வேண்டும் என்ற ஆத்திரம். செவலையின் காலைக் காட்டி ஊருக்குப் பெருமை பேசிய ஆளுக்காகவா? பெண்கள் வேண்டாம் என்று சொல்லியும் சுட்ட ஆளுக்காகவா?

"விலகல் இல்லண்ணே. நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். 'நீ என்னத்தக் கிழிச்ச, சரியாப் பாரு' என்று சொல்லுவார், சொன்னால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுக்கலாம் என்று வாயில் தயாராக வைத்திருந்தேன். அவரோ ஜன்னல் வழியாகக் கீழே போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும்" என்றார் பிறகு. "உங்க வேலை ஒரு நூல் விலகாதுன்னு எனக்குத் தெரியும். அப்ப என் கண்ணுதான் போயிருச்சு. நான்தான் தப்பு பண்ணிட்டேன் தம்பி."

எழுந்தார். ஸ்கோப்பை எடுத்துக்கொள்ளவில்லை. "எனக்கு இனிமே எதுக்கு? நீங்களே வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கினார். உலகத்தில் யார் சொல்லையும் கேட்காத ஆள், என் ஒருத்தனை நம்பிவிட்டுப் போனார்.

வழக்கு முடிய இரண்டு வருஷம் ஆனது. தண்டனை கிடைத்தது, மேல்முறையீட்டில் குறைந்தது. மனைகளை விற்றார், வீட்டை விற்றார், மகள் வீட்டோடு போய்விட்டார். போகிற அன்று கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டு போனார். வாசலில் நின்று தலையை ஆட்டினேன்.

பாண்டியம்மா இப்போதும் சாயங்காலம் வருகிறது. இடது கையால் முழம் போடுகிறது. கட்டிய பூவை வாங்கி விற்பது மட்டும்தான், பறிக்கப் போவதில்லை. போன வாரம் என் மனைவிக்குப் பூ அளந்துகொண்டே, "சுட்டதைக்கூட மறந்துருவேண்ணே. குறி தப்பிருச்சுன்னு கடைசி வரைக்கும் பொய் சொன்னான் பாருங்க, அதைத்தான் மறக்க முடியல" என்றது.

"ஆமா" என்றேன்.

இப்போதும் எனக்கு அந்த ஆளைப் பிடிக்காது. அதில் ஒன்றும் மாற்றமில்லை. ஸ்கோப் என் கடை அலமாரியில் இருக்கிறது. ஒன்றரைச் சுற்றையும் இன்னும் திருப்பி வைக்கவில்லை. பழுது பார்த்த கருவியை வாங்கிப் போக வருகிற சர்வேயர் பையன்கள் சிலர் அதை எடுத்துக் கண்ணில் வைத்து, "சூப்பரா இருக்கேண்ணே, சரியாக் காட்டுமா?" என்று கேட்பார்கள்.

"ஒரு நூல் விலகாது" என்பேன்.